தோளிலிருந்து இறங்காத பை

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் கிளிநொச்சியில் நான் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அக்கா மெலிந்தவர். கைப்பையை அவர் தோளிலிருந்து இறக்கி நான் பார்த்ததில்லை.

ஊழியர்களுக்குச் செய்தி சொல்ல ஒலிபெருக்கி நல்லதா, வாட்ஸ்அப் குழுவா என்று ஒருநாள் கூட்டத்தில் வாதாடினோம்.

"ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், சேர். நான் ஒவ்வொருத்தரிட்டயும் போய்ச் சொல்லுறன்" என்றார் அக்கா. முகாமையாளர் கேட்கவில்லை.

மறுநாள் ஒலிபெருக்கி கரகரத்தது. "அனைவரும் கவனிக்கவும்" என்றதுமே தையல் இயந்திரங்கள் ஒன்றாக நின்றன. சாப்பாட்டு நேரம் மாறியதைச் சொல்லி முடிப்பதற்குள், பெண்கள் எல்லோரும் பைகளோடு, சத்தமே இல்லாமல், வாசலில் நின்றார்கள். முன்னால் அக்கா.

"எங்கை அக்கா போறீங்கள்?"

அவர் ஒலிபெருக்கியையே பார்த்தார்.

"இந்தமுறை எந்தப் பக்கம் போகச் சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறம், தம்பி."