திலகா அக்காவின் இடிபட்ட கார்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளையில் கைபேசியை எடுத்துப் பார்த்தபோது லண்டன் பிளேஸ்டோவிலிருந்து ஏழு முறை அழைப்பு வந்திருந்தது. திலகா அக்காவின் மகள். திருப்பி அழைத்தேன். "அம்மா போயிட்டா அன்ரி" என்றாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் கார் தரிப்பிடத்துக்கு இறங்கிப் போய், என் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் கார் என்னிடம் இருப்பதே அக்காவால்தான்.

கிழக்கு லண்டனில் அவரிடம் கார் ஓடப் பழகிய பெண்களே, உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? அக்கா பொறுமைசாலி அல்லர். பஸ்காரர்களைத் தூய யாழ்ப்பாணத் தமிழில் திட்டுவார். மாணவியின் பெயரை மறந்தாலும் அவள் எந்தச் சந்தியில் நடுங்கினாள் என்பதை மறக்கமாட்டார். உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையது, நான் அவருடைய காரை இடித்த கதை.

நாற்பத்துமூன்று வயதில் பழக வந்தவள் நான். பதினோராவது பாடத்தன்று, ஒரு கடைத் தொகுதியின் தரிப்பிடத்தில், பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதித்துவிட்டேன். பழக்கும் காரில் ஆசிரியரின் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அக்கா மிதித்தார். ஆனாலும் கார் கொங்கிரீட் தூணில் மோதித்தான் நின்றது. பம்பர் பிளந்து, ஒரு விளக்கு தொங்கியது.

"தூணுக்கு ஒண்டும் இல்லை. உனக்கும் ஒண்டும் இல்லை. இறங்கு, காரைப் பாப்பம்" என்றார் அக்கா.

"இனி நான் ஓடமாட்டன் அக்கா."

மறுநாள் காலையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "வெளிக்கிடு. காரைத் திருத்தக் கராஜ் பாக்கப் போறம். இடிச்சது நீயெல்லோ, நீயும் வா."

காரை இழுவை வண்டிக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நாங்கள் கைபேசியில் படங்களுடன் பஸ் ஏறினோம். முதலில் அப்டன் பார்க் பக்கம், அக்காவின் ஊர்க்காரர் ஒருவரின் கராஜ். அவர் தேநீர் தந்தார். படத்தை ஒரு தரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையே தாறன் அக்கா. புதுப் பம்பர் போட்டு ஸ்பிரே அடிச்சா, இடிச்ச அடையாளமே தெரியாது."

"உள்ளுக்கு ஏதும் வளைஞ்சிருந்தா?"

"ஒண்டும் இராது. பழக்கிற கார்தானே, மெல்லத்தானே போகும்."

அக்கா எழுந்து போய், வேலை முடிந்து வெளியே நின்ற ஒரு காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். எஞ்சினை மூடும் முன்மூடியின் இரு பக்க இடைவெளிகளும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் நகம் நுழையவில்லை. மறுபக்கம் விரலே நுழைந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

ஊர்க்காரருக்கு முகம் சுருங்கியது. "எங்கடை ஆள் எண்டு ஒண்டு இல்லையோ அக்கா?"

"எங்கடை ஆள் எண்டுதான் தம்பி உன்ரை தேத்தண்ணியைக் குடிச்சனான். காருக்கு வேற இடம் பாக்கிறன்."

பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "இந்தக் காரிலை ஏறுறவை எல்லாம் ஆரோ பிள்ளையளின்ரை அம்மாமார். இடிச்ச அடையாளம் தெரியாட்டி மட்டும் போதாது."

அடுத்தது ரயில் பாலத்தின் கீழிருந்த ஒரு பஞ்சாபிக்காரரின் கராஜ். எத்தனை நாள் ஆகும் என்று அக்கா கேட்டார். பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். எங்களைக் கூட்டிச்சென்று, பாதி வேலையில் நின்ற ஒரு காரைக் காட்டினார். பெயின்ற் அடித்து முடித்த இன்னொன்றை, நாங்கள் கேட்காமலே, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகப் பகல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்தார். அக்கா என் காதருகே குனிந்தார்: "தெரியாது எண்டு சொல்லத் தெரிஞ்ச மனுசன். இவரிட்டைக் குடுப்பம்."

காரை ஒப்படைத்த இரண்டு நாளில் அவரே எங்களை வரச்சொன்னார். கழற்றிய பம்பருக்குப் பின்னால், மோதலைத் தாங்குவதற்கென்று இருக்கும் இரும்புச் சட்டம் மடங்கிக் கிடந்தது. மேலே பூசி மூடியிருந்தால், அடுத்த மோதலில் அது யாரையும் காத்திருக்காது.

திருத்தி முடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. ஓட்டுநர் பரீட்சை நெருங்கிய மூன்று மாணவிகள் வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள். ஊர்க்காரர் கோவிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இதில் ஒரு சொல்லைக்கூட அக்கா என்னிடம் சொன்னதில்லை. செத்தவீட்டில் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

கார் தயாரான அன்று, கராஜ் முற்றத்தில் வைத்துச் சாவியை என் கையில் திணித்தார்.

"என்னாலை ஏலாது அக்கா."

"கராஜ்காரன் தன்ரை வேலையைச் செய்துபோட்டான். இனி உன்ரை வேலை."

இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் ஆசனத்தின்மேல் தூக்கிச் சப்பணம் கட்டிக்கொண்டார்.

"அக்கா, பிரேக்!"

"உன்னட்டையும் ஒண்டு இருக்கு. தேவையெண்டா அதை மிதி."

நான் காரை எடுத்தேன். முற்றத்தைக் கடந்து, வாசலில் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். தெருவுக்குத் திரும்புமுன் அவர் காலைக் கீழே இறக்கிவிட்டார். அக்கா பைத்தியக்காரி அல்லர்.

அவர் நினைவாக என்ன வேண்டும் என்று மகள் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அக்கா சப்பணம் கட்டி அமர்ந்து என்னை நம்பி வந்த அந்த இருபது அடி தூரம் என்னிடம் இருக்கிறது.