போடாமல் விட்ட மூன்றாம் சுருள்

விண்ணிலிருந்து பகைவர் வந்திறங்கும் பழைய, மலிவான ஆங்கிலப் படங்களை இன்றும் தேடிப்பிடித்துப் பார்க்கிறேன். பறக்கும் தட்டைத் தாங்கும் நூல் கண்ணுக்குத் தெரியும். வேற்றுலகத்தான் திரும்பினால் முதுகில் உடுப்பின் தையல் தெரியும். பேருருவங்களைக் காட்டப் பணம் இல்லாததால் படத்தின் பெரும்பகுதி மனிதர்களிலேயே கழியும்: ஓடுகிறவர்கள், கதவைச் சாத்துகிறவர்கள், பக்கத்து வீட்டானைச் சந்தேகிக்கிறவர்கள். பகைவனின் இடம் ஏறக்குறையக் காலியாகவே இருக்கும். பார்ப்பவன்தான் அதைத் தன் கையிருப்பிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இப்படங்களின் ஈர்ப்பு மங்காதிருக்கக் காரணம் அதுவே என்று நம்புகிறேன். அந்தக் காலியிடத்தில் என்னவெல்லாம் வந்து அமரக்கூடும் என்பதை கொச்சியின் மட்டாஞ்சேரியில், ஒரு மனிதனின் கை வெந்தபோது தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல், எங்கள் பகுதி வாசகசாலையில் ஊதியமின்றி உழைத்துவந்தேன். என் தந்தை நகரசபைத் தொழிலாளி. அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். ஞாயிறு பிற்பகல்களில், கொச்சங்காடியில் காலியாகக் கிடந்த ஒரு மிளகுக் கிடங்கின் கதவுகளை அடைத்து இருட்டாக்கி, வெள்ளையடித்த சுவரில் படம் காட்டுவோம். எர்ணாகுளத்தில் வாடகைக்குக் கிடைத்தவற்றில் வேறெவரும் கேட்காதவை இந்த வேற்றுலகப் படங்கள்தாம். பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் சுமைதூக்கும் தொழிலாளர்கள். அவர்களுக்காக நான் சுவரோரம் நின்று, தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் பேச்சில் கதை சொல்வேன். ‘மாஸ்டர்’ என்று என்னை அழைத்தார்கள். உழைப்பவர்களுக்கு உலகத்தைத் திறந்துவிடுகிறேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது.

அந்தக் கை வெந்த வாரம், ஞாயிறன்று காட்டிய படத்தில், வானத்திலிருந்து வந்தவர்கள் ஒரு சிற்றூர் மக்களின் உடல்களுக்குள் புகுந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு வலி தெரியாது. எனவே ஊரார் சந்தேகப்பட்டவனைப் பிடித்து, அவன் கையைப் பழுக்கக் காய்ந்த அடுப்புத் தகட்டில் அழுத்துகிறார்கள். அலறினால் மனிதன். அலறாவிட்டால் கோடரி. ஒவ்வொரு வெட்டுக்கும் கிடங்கு விசிலடித்தது.

மொத்தம் நான்கு படச்சுருள்கள். மூன்றாவதில் ஒரு மருந்துக்கடைக்காரரைச் சோதிக்கிறார்கள். மகள் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறார். வெட்டி வீழ்த்திய பிறகே அவர் மனிதர் என்று தெரிகிறது. அதன்பின் பத்து நிமிடம் எவரும் எதுவும் பேசுவதில்லை. ஐந்து மணிக்குக் கிடங்கின் சாவியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. சத்தமில்லாத அந்தச் சுருளை விட்டுவிட்டு நான்காவதை மாட்டச் சொன்னேன். விட்டுப்போன இடத்தை ஒரு வாக்கியத்தால் ஒட்டினேன்.

“கத்தாதவனெல்லாம் அவங்க ஆளு. அப்படித்தான் கண்டுபிடிச்சு ஒவ்வொருத்தனா முடிச்சாங்க.”

அப்போது சுமைத் தொழிலாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இடையே கூலித் தகராறு ஒரு மாதமாக நீண்டிருந்தது. படம் காட்டிய மறுநாள், ஒரு வியாபாரி குறைந்த கூலிக்குத் தமிழ்நாட்டிலிருந்து பன்னிரண்டு பேரை இறக்கினார். செவ்வாயன்று கல்வீச்சு. மூட்டையைக் குத்தித் தூக்கும் சாக்குக் கொக்கி பட்டு ஒருவருக்கு உச்சந்தலைத் தோல் காதுவரை கிழிந்து தொங்கியது. புதன் காலை எட்டு மணிக்கு, அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சாயாக்கடைக்குத் தனியாக வந்தார். முப்பது வயதிருக்கும். குவளையை வாங்குவதற்குள் நான்கு பேர் அவரைச் சூழ்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் சுள்ளிக்கல் பகுதியில் எங்கள் தெருக்காரர், எங்களைப் போலவே மூட்டை தூக்க வந்தவரின் பேரன். கிடங்கில் எப்போதும் முன்வரிசையில் உட்காருவார்.

“வானத்திலேர்ந்து எறங்கினவனா, ரயில்லேர்ந்து எறங்கினவனாடா நீ?” என்றார் அவர். “பாத்துருவோம்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் முழங்காலால் அடிவயிற்றில் இடித்தான். இருவர் தோளை அமுக்க, மூத்தவர் அந்த மனிதரின் வலது உள்ளங்கையை விரித்து, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாரின் செம்பு உடலில் வைத்து அழுத்தினார். தோல் சீறும் ஓசை கேட்டது. பிறகு வாடை வந்தது. அவர் கத்தவில்லை. கடித்த உதடு பிளந்து ரத்தம் தாடையில் இறங்கியது.

“சேட்டா, இவன் கத்துறதே இல்லையே.”

“அப்ப சரிதான். மேலேர்ந்து வந்தவன்தான். கொக்கிய எடு.”

நான் எழுந்தேன். என் வாயிலிருந்து வந்தது சினிமாப் பேச்சு. “போதும், விடுங்க சேட்டா. அன்னிக்கு ஒரு சுருள் நான் போடலை. அதுல கத்தாம நின்னவன் மனுஷன்தான்.”

மூத்தவர் கையைத் தளர்த்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எடா மாஸ்டரே, இவன் மனுஷன்னு தெரியாமலா பிடிச்சிருக்கோம்?”

கொக்கி உயர்ந்தது. நான் சமோவார் இருந்த பலகையின் அடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது மறுபக்கம் கவிழ்ந்து கொதிநீரும் கங்கும் தரையெங்கும் பரவின. கொக்கி வைத்திருந்தவன் முழங்காலுக்குக் கீழே வெந்து விழுந்தான், மற்றவர்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கடைக்காரரின் இரு பாதங்களும் வெந்தன. அவர் யாரையும் பிடித்திருக்கவில்லை. ஒரு மனிதனின் உயிரைக் காக்க நான் எடுத்த முடிவுக்கு அவர் ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். அன்றே காவல் நிலையத்தில் நான்கு பேரையும் அடையாளம் சொன்னேன். சமோவாரைக் கவிழ்த்தது நான் என்பதையும் சொன்னேன். சொந்த ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று வாசகசாலைக்குள் அதன்பின் என்னை விடவில்லை.

படம் அவர்களுக்கு வெறுப்பைக் கற்றுத் தரவில்லை. அது முன்பே இருந்தது. அந்த வெறுப்பைச் செய்து பார்ப்பதற்கு ஒரு முறையையும், சிரிப்பதற்கு ஒரு வழியையும் என் வாக்கியம் தந்தது. மூன்றாம் சுருளைப் போட்டிருந்தால் தடுத்திருக்கும் என்று என்னால் வாதிட முடியவில்லை. தடுத்திருக்காது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை.

பதினைந்து நாள் கழித்து எர்ணாகுளம் மருத்துவமனையில், கை வெந்தவருடைய கட்டை அவிழ்த்தார்கள். நான் அருகில் இருந்தேன். அதற்குள் படத்தைப் பற்றி அவரிடம் முழுவதும் சொல்லியிருந்தேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

“நான் கத்தியிருந்தா விட்டிருப்பானுவளா?” என்று மட்டும் கேட்டார்.

“படத்துல விட்டிருப்பாங்க.”

“இங்க?”

“விட்டிருக்க மாட்டாங்க.”

“அப்பம் கத்தாததே சரி.”

மருத்துவர் விரல்களை மடக்கச் சொன்னார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வந்தன. மற்ற மூன்றும் பாதி வளைந்து அப்படியே நின்றன. இனி இவ்வளவுதான் என்றார் மருத்துவர். கை வெந்தவர் கட்டிலிலிருந்து இறங்கி, இடது கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத மூட்டையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு வார்டின் நடுவே நான்கு எட்டு நடந்தார். பிறகு நின்றார்.

“ஒத்தக்கையில பிடிச்சா வலப்பக்கமாச் சாயுது, அண்ணாச்சி,” என்றார்.