அம்மாவுக்குக் கேட்ட கச்சேரி

கொழும்பில் ஓர் இசை நிகழ்ச்சிக்குக் கிளம்புமுன் என் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் நான் கறார். தண்ணீர்ப் போத்தல், காதுக்குப் பஞ்சு, பவர் பேங்க், மழைச்சட்டை. கொழும்பில் குளிராது என்று தெரிந்தும் ஒரு கம்பளிச் சட்டை. அது ஊர்ப் பழக்கம். முதல் பாட்டு தொடங்கியதும் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் போனைத் தூக்குவார்கள். நான் தூக்குவதில்லை. போன் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதை லிந்துலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்திலேயே கற்றுக்கொண்டவள் நான். கற்றுக்கொண்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மாலை மியூசிக்கல் ஷோ. ஹட்டனிலிருந்து இசைக்குழு வரும். எனக்குத் தெய்வம், தேர், பொங்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். மதியமே போய், ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்குவதிலிருந்து பார்ப்பேன். திருவிழாக் கமிட்டியில் இருந்த மாமா, சவுண்ட்ஸ்காரரை முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ, செக்" என்று அரை மணி நேரம் சொல்வார். அவருக்கு அதுதான் கச்சேரி.

அம்மா அப்போது குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். திருவிழா அன்று மட்டும் அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டு, நிகழ்ச்சி நடக்கும் நேரத்துக்கு அழைப்பு எடுப்பார். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைத்தது ஒரே இடத்தில்: மைதானத்தின் மேல் மூலையில், டர்பன்டைன் மரத்தடியில். மேடையிலிருந்து மிகத் தூரம். அப்பா தலைவழியாகக் கம்பளியைப் போர்த்து, போனை அதற்குள் வைத்துக்கொண்டு, அங்கே போய் நிற்பார். தூறல் இல்லாத திருவிழாவை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. பாட்டு முடியும்வரை அவர் அங்கேயே நிற்பார். கீழேயிருந்து பார்த்தால் பனிமூட்டத்தில் ஒரு கம்பளி நிற்பது மட்டும் தெரியும்.

அப்பாவுக்குப் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை. பேச்சு மிகக் குறைவு. பஜனையில்கூடக் கைதான் தட்டுவார். "மச்சான் வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு பயப்படுறாரு. பொறுக்கிக்கிறதுக்கு நாங்க இருக்கோம், சும்மா தொறங்க மச்சான்" என்று மாமா சீண்டுவார். அப்பா அதற்கும் சிரிப்பதோடு சரி.

நிகழ்ச்சி முடிந்ததும் போன் என் கைக்கு வரும். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்பேன். "எல்லாப் பாட்டும் நல்லாக் கேட்டுச்சு சாமி" என்பார். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அங்கே வெயில் அதிகம், அதனால் தொண்டை கட்டியிருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது அம்மா திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. வரவில்லை, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டார். நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மா வராவிட்டால் என்ன, நிகழ்ச்சியை முழுசாக அவருக்குக் கேட்க வைத்துவிட வேண்டும். அந்த வருடம்தான் எதிர்மலையில் புது டவர் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்திலேயே சிக்னல் மூன்று கோடு காட்டியது. அதை முன்கூட்டியே போய்ப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஆனால் அப்பா வழக்கம்போல மரத்தடிக்கே போய் நின்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்பா, இன்னும் ஏன் இங்க நிக்கிறீங்க? இங்கருந்து என்னா கேக்கும் அம்மாவுக்கு? போனக் குடுங்க, நான் பொட்டிக்கிட்டக் கொண்டுபோறேன்."

"இருக்கட்டும் பாப்பா."

"குடுங்கப்பா!"

அவர் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டினார். அழைப்பில் அம்மா இருந்தார். நான் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அப்பா கம்பளியைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டேன். "தங்கச்சி, போன்ல அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் காது போயிரும்" என்றார் சவுண்ட்ஸ்காரர். நான் நகரவில்லை. கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தேன். டிரம்ஸ் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை மாமாவிடம் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன், அதையும் பாடினார்கள். வெற்றியோடு போனைக் காதில் வைத்தேன்.

"எப்படிம்மா?"

அம்மா, "இந்த வாட்டி பாட்டே கேக்கல சாமி" என்றார். "அப்பா எங்க?"

"அவரு சும்மாதான் நிக்கிறாரு. உங்க பாட்டுகூடப் போட்டாங்கம்மா! நான் பொட்டிக்கிட்டயே வச்சிருந்தேன்!"

"சரி சாமி. அடுத்த வருஷம் அப்பாக்கிட்டயே குடுத்துரு."

வைத்துவிட்டார். நான் மாமாவிடம் போய் போன் பழுது என்று அழுதேன். மாமா அதைத் தட்டிப் பார்த்தார், பின்பக்கம் கழற்றி ஊதிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். தூரத்தில் இருந்தால் தெளிவாகக் கேட்கிறது, பெட்டி அருகில் வைத்தால் கேட்கவேயில்லை. அதெப்படி? அந்தக் கேள்வியைக் கட்டிக்கொண்டுதான் நான் தொலைத்தொடர்பு படிக்கப் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை.

விடை ஒரு சாதாரண வகுப்பில், மதியத் தூக்கத்துக்கு நடுவே வந்தது. போன் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் குரலைப் பிடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் மற்றதையெல்லாம், அது எவ்வளவு நல்ல இசையாக இருந்தாலும், இரைச்சல் என்று கழித்துவிடும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்படியானால் மரத்தடியிலிருந்து அத்தனை வருடம் அம்மாவுக்குக் கேட்டது எது?

அம்மா நிரந்தரமாக ஊருக்கு வந்த பிறகு, மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டேன். நிமிராமலே சிரித்தார்.

"கல்யாணமான புதுசுல பெக்டரிக்குச் சோறு கொண்டுபோவேன். மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு உங்கப்பா பாடிக்கிட்டு நிப்பாரு. பக்கத்துல போனாத்தான் கேக்கும். அப்படித்தான் கம்பளிக்குள்ளயும். சுத்தி அம்புட்டுச் சத்தம்ல, தனக்கே தெரியாமப் பாடுவாரு. நீ அவருகிட்டச் சொல்லிறாத. தெரிஞ்சா நிப்பாட்டிருவாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் எனக்குப் பத்து வயதில் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நான் போனை வாங்கிக்கொண்டு ஓடியதும் அப்பா கம்பளியை இறக்கிவிட்டார். அப்போது தூறல் இன்னும் விட்டிருக்கவில்லை. அவர் கம்பளி போர்த்தியது மழைக்காக இல்லை.

அதை அம்மாவிடமும் நான் சொல்லவில்லை.