டிக் செய்யாத கட்டம்

மழை நின்ற பிறகுதான் தண்ணீர் வந்தது. காலையில் வானம் வெளுத்திருந்தது. எங்கள் தெருவில் அதை நம்பி மாடியில் துணி காயப்போட்டார்கள். அதே நேரத்தில் பாகூர்ப் பக்கம் ஆற்றை ஒட்டிய ஊர்களில் ஜனங்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அணையைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள். ஏரி உடைந்துவிட்டது என்றார்கள். எது நிஜம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூலக்குளத்தில் என் வீட்டு வாசலில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. அதுவே என்னை உட்காரவிடவில்லை. அம்மா ஆற்றோரத்தில், கரையாம்புத்தூரில் இருந்தாள். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. போய்ப் பார்க்கலாம் என்றால் சாலை முழுகிக் கிடந்தது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அரிசியைக் களைந்து ஊறவைத்துவிட்டு, அதை அப்படியே மறந்தேன். கடைசியில் ஆபீஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டில் கரண்ட் இல்லை. ஆபீசில் இன்வெர்ட்டர் இருந்தது.

ஆபீஸ் என்றால் வில்லியனூர் ரோட்டில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. கல்யாண மண்டபம், நர்சரிப் பள்ளி, தையல் நிலையம் என்று சுற்றுவட்டாரத்தில் கேட்பவர்களுக்கு வெப்சைட் செய்து தருவோம். அன்றைக்கு நான் மட்டும்தான்.

போனில் ஒரு வாட்ஸ்அப் குழு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கடலோர மணப்பட்டு மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்க வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்லத்தான் அந்தக் குழு. ஆனால் ஒரே செய்தியைப் பத்துப் பேர் அனுப்பினார்கள். பல மணி நேரம் பழைய செய்தி இன்னும் சுற்றியது. படகுக்காரர்களில் மூத்தவர் ஒருவரின் குரல் பதிவு வந்தது. முகம் பார்த்ததில்லை. எல்லாரும் அவரை அண்ணன் என்றார்கள்.

“யார்னா ஒழுங்கா ஒரு எடத்துல எழுதி வையுங்கப்பா. எந்தத் தெரு, எத்தினி பேரு, அவங்க நம்பர் இன்னா, அவ்ளோதான். இங்க போட்ட வெச்சிகினு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல.”

ஏதாவது செய்யக் கிடைத்ததே என்று இருந்தது எனக்கு. ஆன்லைனில் ஒரு ஃபார்ம் போட்டால் போதும். புதிதாக புரோகிராம் எழுத நேரமில்லை. மண்டப முன்பதிவுக்கு எங்களிடம் ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருந்தது. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எழுதியது. மூன்று பக்கம். முதல் பக்கத்தில் தேதி, இரண்டாவதில் என்னென்ன வசதி வேண்டும், மூன்றாவதில் பெயரும் நம்பரும். தேதியை ஊராகவும் தெருவாகவும் மாற்றினேன். வசதிகள் இருந்த இடத்தில் எத்தனை பேர், கர்ப்பிணி உண்டா, நடக்க முடியாதவர் உண்டா என்று டிக் செய்யும் கட்டங்கள் வைத்தேன். கர்ப்பிணி என்று வந்தால் அந்தப் பதிவு பட்டியலில் மேலே ஏறும்படி செய்தேன். குழுவில் லிங்கைப் போட்டேன்.

இந்த மூன்று பக்க விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலைப்பக்கங்களுக்கு ஞாபகம் கிடையாது. முதல் பக்கத்தில் ஊரைச் சொல்லிவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனால், நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. அதனால் சர்வரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பையை மாட்டி வைப்போம். ஒவ்வொரு பக்கத்தில் சொன்னதையும் அந்தப் பையில் போட்டுக்கொண்டே போய், கடைசிப் பக்கம் முடிந்ததும் மொத்தமாக எடுத்துப் பதிவு செய்வோம். எங்கள் தொழிலில் அதற்கு செஷன் என்று பெயர். எந்தப் பை யாருடையது என்பதற்கான அடையாளம் அவரவர் போனில் இருக்கும்.

பதிவுகள் வரத் தொடங்கின. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து பக்கத்தைப் புதுப்பிப்பேன், அம்மாவுக்குப் போன் போடுவேன், மறுபடி ஜன்னல். கீழே ரோட்டில் டிராக்டர் ஒன்று ஜனங்களோடு போனது. எங்கிருந்து வருகிறார்கள் என்று கத்திக் கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் என் நம்பருக்கே கூப்பிட்டார். பின்னால் இஞ்சின் சத்தம்.

“தங்கச்சி, நீதான ஃபார்ம் போட்டது? இன்னாம்மா இது, அந்த ஆத்தோரத் தெருவுல எல்லா வூட்லயும் புள்ளத்தாச்சியா?”

பட்டியலைப் பார்த்தேன். ஆற்றை ஒட்டிய ஒரே தெருவிலிருந்து வரிசையாகப் பதிவுகள். எல்லாவற்றிலும் கர்ப்பிணி என்று இருந்தது. ‘ஒரே ஆள், வயது எழுபது’ என்று ஒரு ஆண் பெயரில் வந்ததிலும் கர்ப்பிணி.

“பொய் சொல்றாங்க தங்கச்சி. டிக் அடிச்சா போட்டு மொதல்ல வரும்னு தெரிஞ்சிகினாங்க. ஒருத்தன பாத்து ஒருத்தன் அடிக்கிறான். நான் அரிசி மில்லு பக்கம் போறேன். அங்கயும் ஜனம் நிக்குது.”

“கொஞ்சம் இருங்கண்ணா. ஃபார்ம்லதான் ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன். பாத்து சொல்றேன்.”

“நீ பாக்குறதுக்குள்ள தண்ணி ஏறிடும்மா.”

“இஞ்சின ஆஃப் பண்ணாதீங்க. அஞ்சே நிமிஷம்.”

வைத்துவிட்டேன். பாஸ்வேர்டை இரண்டு தரம் தப்பாக அடித்தேன். அந்தத் தெருவின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பெயர் வேறு, வீடு வேறு, போன் நம்பர் வேறு. ஆனால் பை ஒன்றுதான். அத்தனையும் ஒரே போனிலிருந்து வந்தவை.

ஸ்கிரிப்டின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்தது கோளாறு. ஒரு கட்டத்தில் டிக் செய்தால் ‘ஆம்’ என்று சர்வருக்கு வரும். டிக் செய்யாவிட்டால் ‘இல்லை’ என்று வராது. ஒன்றுமே வராது. அப்படி ஒரு கட்டம் இருந்ததாகவே சர்வருக்குத் தெரியாது. எழுதியவர், ‘ஆம்’ வந்தால் பையில் போடு என்று எழுதியிருந்தார். வராவிட்டால் பழையதை எடுத்துவிடு என்று எழுதவில்லை. பதிவு முடிந்ததும் பையைக் காலி செய்யவும் இல்லை. மண்டபம் கேட்பவர் ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடுவார், அதனால் யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே ஒரு போனில் ஒரு தெருவே வரிசையில் நின்று பதிவு செய்திருக்கிறது. முதலில் யாரோ ஒருத்திக்கு அடித்த டிக், அவளுக்குப் பின்னால் வந்த எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டு வரி. ஒன்று, டிக் வராவிட்டால் இல்லை என்று எழுது. இன்னொன்று, முடிந்ததும் பையைக் காலி செய். சேமித்தேன். என் போனிலேயே இரண்டு தரம் நிரப்பிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனால் அண்ணனுக்குச் சொல்ல அது போதாது. நிஜமான கர்ப்பிணி அங்கே இருக்கிறாளா, இல்லையா?

அந்தத் தெருவின் நம்பர்களை வரிசையாகக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றும் அணைந்திருந்தது. கரண்ட் போய் வெகுநேரமாகி இருக்க வேண்டும். டிக் முதன்முதலில் வந்த பதிவின் நம்பர் மட்டும் மணி அடித்தது.

“அலோ, போட்டு வருதுங்களா?” சின்ன வயதுப் பெண்ணின் குரல்.

“வரும்மா. உங்க தெருவுல எத்தினி பேரு மாசமா இருக்காங்க?”

“இன்னாங்க கேக்குறீங்க? நான் ஒருத்திதான். எட்டாவது மாசம்.”

“எல்லார் பேர்லயும் அப்படி வந்திருக்கு. அதான் போட்டுக்காரங்க பொய்யின்னு நெனைக்கிறாங்க.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரு பொய் சொன்னது? இந்த போன்லதான் சார்ஜ் இருக்குது. அல்லாருக்கும் நான்தான் குந்தி அடிச்சிகினு இருக்கேன். எனக்கு மட்டுந்தான் டிக் அடிச்சேன். மத்தவங்களுக்கு நான் ஏன் அடிக்கப் போறேன்?”

“உங்க தப்பு இல்லம்மா. எங்க பக்கத்துல கோளாறு.”

“அது கெடக்கட்டும். பக்கத்து வூட்டு அக்காவுக்கு மூச்சு வாங்குது. வாயில அடிக்கிற பம்பு தண்ணியில போயிடுச்சு. உதடு ஒரு மாதிரியா ஆவுது. அவங்களுக்கு அடிக்கலாம்னு பாத்தா, மூச்சுக்கு உங்க ஃபார்ம்ல கட்டமே இல்லியே.”

நின்ற இடத்திலேயே நின்றேன். காலையிலிருந்து முதல் தடவையாக.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஃபார்ம், செஷன் எதுவும் பேசவில்லை. “பொய்யில்லண்ணா, ஒரே போன்ல எல்லாரும் போட்டது. ஒரு புள்ளத்தாச்சி நெஜம். மூச்சுத் திணறுற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. மொதல்ல அங்க போங்க.” “சரி” என்றார். இஞ்சின் உறுமியது.

அதன் பிறகு அந்தப் பெண்ணின் போனும் அணைந்துவிட்டது. அண்ணனுடையதும் எடுக்கவில்லை. ஃபார்மில் ‘வேறு ஏதாவது’ என்று எழுதுவதற்கு ஒரு இடம் சேர்த்தேன். தண்ணீர் குடித்தேன். பட்டியலைப் புதுப்பித்தேன். புதிதாக ஒன்றும் வரவில்லை. குழுவில் இருந்த இன்னொரு பெண்ணிடம் பட்டியலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படகு இறக்கிய இடத்துக்குப் போக ஸ்கூட்டியை எடுத்தேன். போய் நான் என்ன செய்யப் போகிறேன்? தெரியாது. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

வில்லியனூர் தாண்டிப் பாதி வழியில் அம்மாவின் போன் வந்தது. ஓரம் கட்டினேன்.

“பள்ளிக்கூடத்துல இருக்கோம்டி. நானும் மாடும். சாம்பார் சோறு போட்டாங்க. நீ துன்னியா?”

“மாட்ட எப்படிம்மா உள்ள வுட்டாங்க?”

“வராண்டாவுல கட்டியிருக்கேன். யாரு கேக்குறாங்க? இங்க ஒருத்தி, மழைக்கு முந்தியே சொன்னாளாம், அந்தக் கதைய கேளு...”

“அப்புறம் பேசறம்மா” என்று வைத்துவிட்டேன். அரை நாளாக அந்தக் குரலுக்குத் தவித்துவிட்டு, கேட்டதும் துண்டித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

சாலை ஒரு இடத்தில் நின்று தண்ணீர் தொடங்கியது. இரண்டு பக்கமும் கரும்புத் தோகையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மினி லாரி, ஒரு ஆம்புலன்ஸ், கைலியை மடித்துக் கட்டிய ஆட்கள். படகு வந்தபோது, முன்னால் நின்று கழியால் ஊன்றியவரின் குரலை வைத்துத்தான் அவர் அண்ணன் என்று தெரிந்துகொண்டேன். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக, நரைத்த மீசையோடு இருந்தார். படகில் போர்வை சுற்றிய ஒரு அம்மா, மூன்று நான்கு பிள்ளைகள், ஒரு கிழவர். அந்த அம்மாவின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்சில் படுக்கவைத்து மூக்கில் குழாய் வைத்தார்கள்.

“அந்தப் பொண்ணு எங்கண்ணா?”

“வரமாட்டேன்னுட்டா.” அவர் கோபமாக இருந்தார். “எனக்கு வலியில்ல, அக்காவயும் புள்ளைங்களயும் ஏத்திகினு போங்கன்னு மாடியிலயே குந்திகினா. நான் கத்துறேன், அவ அதுக்கு மேல கத்துறா.” படகைத் திருப்பிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “பொய்யின்னு வேற நெனச்சிட்டேன்.”

அடுத்த நடைக்குக் காத்திருந்த நேரம்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் நீளமானது. தண்ணீரின் ஓரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தேன். “குந்தும்மா செத்த நேரம், பாக்குற எங்களுக்குத் தல சுத்துது” என்றார் லாரிக்காரர்.

அவள் வந்தாள். நைட்டிக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தாள். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இறங்கும்போது நான் கை கொடுத்தேன். கை ஜில்லென்று இருந்தது. யார் என்று சொன்னேன்.

“நீங்கதானா அது?” என்று மேலும் கீழும் பார்த்தாள். “ஏங்க, ஒவ்வொரு ஆளுக்கும் மொதல்லேர்ந்து ஊர் பேரு, தெரு பேருன்னு கேக்குதே. அல்லாரும் ஒரே தெருதான. ஒரு தபா சொன்னா ஞாபகம் வெச்சிக்காதா? விரலே வலிக்குது.”

பிடித்து வைத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது அந்த ஸ்கிரிப்ட். “மாத்திடறேன்” என்றேன்.

“இப்ப மாத்தி இன்னா பண்றது. அதான் வந்துட்டமே” என்றாள். பிறகு சிரித்தாள். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவந்திருக்கவில்லை. லாரிக்காரர் கொடுத்தார்.

மூச்சுத் திணறிய அம்மா பிழைத்துக்கொண்டார் என்று இரண்டொரு நாளில் குழுவில் செய்தி வந்தது. தண்ணீர் வடிந்தது. சேறு வாரினார்கள். குழுவில் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கியதும் நான் வெளியேறிவிட்டேன்.

தையில் ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து போன். அவளுடைய புது நம்பர். பெண் குழந்தை. பிறப்புப் பதிவுக்கு ஏதோ ஆன்லைனில் நிரப்பச் சொல்கிறார்கள், எனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே என்று கூப்பிட்டிருந்தாள்.

“பேரு இன்னும் வெக்கலங்க. எங்க வூட்ல ஒரு பேரு, அவங்க வூட்ல ஒரு பேருன்னு சண்ட. அந்தக் கட்டத்த காலியா வுட்டா ஏத்துக்குமா?”

“ஏத்துக்கும். பேரு அப்புறம்கூட சேத்துக்கலாம்.”

“நெஜமாவா? பின்னாடி வேற யார் பேருனா வந்து ஒக்காந்துக்காதே?”

“வராது” என்றேன். பின்னால் குழந்தை வீறிட்டது. “தோ வரேண்டி, வரேன்” என்றாள் அதனிடம். வைக்கிறேன் என்றுகூட என்னிடம் சொல்லாமல் போய்விட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.