எட்டு யூனிட்

எங்கள் நாய்க்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்னபோது, மகள் படிப்பதற்காக ஜெர்மனிக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் விட்டு வரும் வழியில் அவள் பாவாடையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்த நாட்டு நாய் அது. சந்தன நிறம். அவளுக்கு அது 'பையன்'. தினமும் போனில் முதல் கேள்வியே, "பையன் என்ன பண்றான்?" என்பதுதான். நாங்கள் இருவரும் சாப்பிட்டோமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவள் ஒரு பருவம் முழுக்க அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். நானும் மனைவியும் கதவுக்கு வெளியே தட்டோடு நிற்போம். உள்ளே போக நாய்க்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. அந்தக் காலத்தை அவள் எப்படித் தாண்டினாள் என்று மனநல மருத்துவரிடம் கேட்டால் மாத்திரை என்பார். நாங்கள் நாய் என்போம். விமான நிலையத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் பையனப் பாத்துக்கங்கப்பா" என்றபோது, என் தலையில் பெரிய பாரம் ஒன்றை ஏற்றிவிட்டுப் போகிறாள் என்று தோன்றியது. டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. ஒன்பது வருடம் வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்யாதது, கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. எவ்வளவு தின்றாலும் விலா எலும்பு எண்ணும்படி இளைத்தது. மருத்துவர் காதோரத்தில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மனிதர்களுக்கு வைத்திருக்கும் அதே கருவியில் வைத்தார். பிறகு எங்களை உட்காரச் சொன்னார்.

"காத்தாலயும் பொழுதோடயும் எட்டு யூனிட்டுங்க. மொதல்ல சாப்பாடு, அப்புறம் ஊசி. சாப்பிடலைன்னா ஊசியப் போட்டராதீங்க. சக்கரை ஏறினா யோசிக்க நேரமிருக்குது. எறங்கிருச்சுன்னா நேரமே இல்லீங்க."

மருந்து சின்னக் கண்ணாடிப் புட்டியில் வரும். தண்ணீர் கலந்த பால் போலக் கலங்கலாக இருக்கும். குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். குளிரில் வைக்க வேண்டும். பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற எனக்கு ஊசி கைவரவில்லை. மனைவிதான் பழகிக்கொண்டாள். நாய் தட்டில் குனிந்து தின்னும்போது கழுத்துத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியை ஏற்றுவாள். அது நிமிர்ந்துகூடப் பார்க்காது. கொஞ்ச நாளில் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து பார்வை போய்விட்டது. இந்த நோயில் அப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர். ஆனாலும் மகள் போனில் "பையா" என்றால் காது நிமிரும், வால் தரையில் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக அவள் பேசாமல் இருப்பாள்.

வெயில் காலத்தில் கருமத்தம்பட்டியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான், சீருக்கு முதல் நாளே போயாக வேண்டும். ஊசி போடத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

வாசலிலேயே அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "கண்ணாலத்துக்கு நாயக் கூட்டிட்டு வந்த மொத மாமன் நீதான் கண்ணு. அதுக்கும் ஒரு வேட்டி எடுத்து வெச்சிருப்பேன், சொல்லியிருந்தா."

பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தக்கார ஒறம்பரைகளுக்கு அன்று மாலை முழுக்க அதுதான் பேச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மனைவி ஊசி போடுவதை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, நாயிக்கு எப்படிங்க சக்கரை வந்துச்சு? காப்பி குடுத்துப் பழக்கிப்போட்டீங்களா?"

"இல்லீங்க, அதுவா வந்துருச்சு."

"எத்தன யூனிட்டுங்க?"

"எட்டுங்க."

"எனக்கு இருவத்திநாலுங்க," என்றார் அவர் ஒரு வித மிடுக்கோடு. பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "நாயி குடுத்ததத் தின்னுட்டுப் படுத்துக்குது. நீங்க அடுப்படில போயி மைசூர்பாகு திருடறீங்க. அப்புறம் கூடாம என்ன பண்ணும்?" என்றார். பந்தலே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

ஊசி போட்டு முடித்ததும் மனைவி புட்டியை அக்காவிடம் கொடுத்தாள். "அண்ணி, இதச் சித்த குளுர்ல வெச்சிருங்க."

"நா பாத்துக்கறேன் அம்மணி, நீ போயி பொண்ணுக்குத் தலை பின்னு."

இன்னொருவர் வீட்டு பிரிட்ஜை நாமே போய்த் திறப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதுவும் நாத்தனார் வீட்டில், கல்யாண நேரத்தில், உரிமையோடு வாங்கி வைத்ததை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். காலையில் நாங்கள் எழுந்தபோது காப்பித் தட்டிலேயே, டம்ளர்களுக்குப் பக்கத்தில், புட்டி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி உள்ளங்கையில் உருட்டினாள். கண்ணாடியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்ததாகப் பிறகு சொன்னாள். அன்றைக்கு முகூர்த்த அவசரம்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. பழையபடி தண்ணீர், பழையபடி கூடத்தில் ஈரம். கல்யாண வீட்டில் யாராவது இனிப்பு போட்டிருப்பார்கள், அது தணிந்துவிடும் என்று நினைத்தோம். தணியவில்லை. மருத்துவரிடம் போனோம். அவர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார்.

"மருந்தச் சரியா வெச்சிருந்தீங்களா? வெயில்ல கெடந்துச்சா?"

"இல்லீங்க டாக்டர். வெளியூர் போனப்பக்கூட பிரிட்ஜ்லதான் இருந்துச்சு."

அதை நான்தான் சொன்னேன். அது உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். அவர் எட்டைப் பத்தாக்கினார். பிறகு பன்னிரண்டு, பிறகு பதினான்கு. ஒவ்வொரு முறை கூட்டும்போதும் சர்க்கரை கொஞ்சம் இறங்குவது போலப் போக்குக் காட்டி மறுபடி ஏறியது. மகளிடம் கூட்டிய கணக்கைச் சொல்லவில்லை. அங்கே அவளுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. குரலும், அவள் அறைக்குள் கிடந்த காலத்து மாதிரி, மெலிந்துகொண்டு வந்தது. "பையன் நல்லா இருக்கான்ல?" என்பாள். "இருக்கான் கண்ணு" என்பேன்.

புட்டி தீர்ந்தது. புதுப் புட்டி வாங்கி வந்தோம். காலையில் மனைவி பதினான்கு யூனிட் ஏற்றிப் போட்டாள். நான் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். பத்தரை மணி போல அவளிடமிருந்து போன் வந்தது. முதலில் அழுகைதான் கேட்டது.

"ஏனுங்க, பையன் காலை இழுத்துட்டுத் துடிக்கறானுங்க. வாயில நுரை. சீக்கிரம் வாங்க."

"தேனு... தேனத் தொட்டு ஈறுல தேய். நா வாரேன்."

தேன் தீர்ந்து போயிருந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்திருக்கிறாள். பற்கள் பூட்டிக்கொண்டதில் அவள் விரல் கிழிந்து, நாயின் வாயெல்லாம் பாகும் ரத்தமுமாக இருந்தது. அவிநாசி சாலையில் மேம்பால நெரிசலில் நான் காருக்குள் உட்கார்ந்துகொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் கருவி எண்ணைக் காட்டவே இல்லை, அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று மட்டும் காட்டியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாலையில் நாய் எழுந்து நின்றது. எழுந்து நின்றது எங்கள் நாய்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வட்டமாகவே சுற்றியது. சுவர் வந்தால் நெற்றியை அதில் முட்டி அப்படியே நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது அசையவில்லை.

"மூளைக்குச் சக்கரை போகாம ரொம்ப நேரம் இருந்துருச்சுங்க," என்றார் மருத்துவர். "கொஞ்ச நாள் பாக்கலாம். பெருசா நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

எது தப்பானது என்று அவருக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. விஷயம் கேள்விப்பட்டு அக்கா போன் செய்தபோதுதான் புரிந்தது. அவளும் அழுதாள். அழுகைக்கு நடுவே, "அன்னிக்குக்கூட எவ்வளவு பத்தரமா வெச்சிருந்தேன்" என்றாள். "கீழ்த்தட்டெல்லாம் பாலும் தயிருமா அடைஞ்சு கெடந்துச்சு. நல்லாக் குளுரட்டும்னு மேல ஐஸ் வெக்கற எடத்துல, பொண்ணுக்கு வாங்கின பூவோட வெச்சேன். காத்தால கல்லாட்ட இருந்துச்சு. ஊசில எப்படி ஏறும்னு, விடியறதுக்கு முன்னாலயே எடுத்து வெளிய வெச்சுப்போட்டேன்."

உறைந்த மருந்து செத்த மருந்து. இளகினால் பார்வைக்குப் பழையபடியே இருக்கும், வேலை செய்யாது. செத்த மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பதினான்குக்குக் கொண்டுபோய், அதே பதினான்கை உயிருள்ள மருந்தில் கொடுத்திருக்கிறோம். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமாங்கக்கா, பத்தரமாத்தான் வெச்சிருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வேறென்ன சொல்வது? அக்கா தன் மகளின் பூவுக்குக் கொடுத்த இடத்தை எங்கள் நாய்க்கும் கொடுத்திருக்கிறாள்.

மறுபடி எட்டு யூனிட்டுக்கு வந்தோம். சர்க்கரை அடங்கியது. இனி அடங்கி என்ன. தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரையை நக்கியது. கையால் ஊட்டினோம், ஊசி போட்டோம், துடைத்துவிட்டோம். டிசம்பர்வரை ஓட்டிவிட்டால் போதும் என்று இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மகள் வீடியோவில் கேட்டாள். "போனக் காதுகிட்ட வைங்கம்மா. பையா... டேய் பையா."

நாய் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு நின்றது.

"வாலாட்டறான் கண்ணு," என்றாள் மனைவி.

மகள் போனை நெருங்கிக் காது கொடுத்தாள். "சத்தம் வல்லியே. கேமராவத் திருப்புங்கம்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். திருப்பினாள். மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். நாய் அசையவே இல்லை.

"எத்தன நாளா இப்படி நிக்கறான்?"

நான் நடந்ததைச் சொன்னேன், அத்தையைத் தவிர்த்து.

"எனக்காகத்தான் ஊசி போட்டுட்டு இருக்கறீங்களாப்பா?"

"நீ வந்து ஒருக்காப் பாத்துட்டீன்னா..."

"பாத்துட்டேன்ல," என்றாள். "போதுங்கப்பா. விட்டுருங்க."

மறுநாள் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். மனைவி கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடிக்கப் போனாள். "இது கால்லங்கம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னார். சீக்கிரம் முடிந்துவிட்டது. தென்னைக்குப் பக்கத்தில் புதைத்தோம். படம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தாள்.

இப்போது நாங்கள்தான் அவளைக் கூப்பிடுகிறோம். சில நாள் எடுக்கிறாள். "சாப்டியா கண்ணு?" என்றால் "சாப்டேன்" என்கிறாள். பேச்சு அதற்கு மேல் நகர்வதில்லை. நேற்று மதியத்திலிருந்து நாலு முறை கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கிளாஸ்ல இருப்பா," என்றாள் மனைவி.

"ஆமா, கிளாஸ்ல இருப்பா," என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை.