பூனையைத் தொலைத்தவர்கள் வந்து நிற்கும் கடை

"இது பூனையா, தலையணை உறையா?" என்று கேட்டுக்கொண்டே, கடைக்கு வந்தவரின் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறாள் ஜெராக்ஸ் அக்கா. 'காணவில்லை' என்று சுவரொட்டி அடிக்க அவள் கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் படத்தில் பிள்ளை இருக்கும், பிள்ளையின் தொப்பி இருக்கும், ஓரத்தில் ஒரு வாலும் இருக்கும். "வாலைப் பாத்து எவன் புடிச்சுக் குடுப்பான்? மொகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து வெச்சா கை தேஞ்சா போயிடும்?"

சன்னலுக்கு வலை அடிக்காததற்கு ஒரு பாட்டு, கழுத்தில் பட்டை போடாததற்கு இன்னொரு பாட்டு. "பட்டை போட்டா அழகு கெட்டுடுமாம். இப்ப அழகாத் தொலஞ்சிருக்கு, போய் ரசிங்க." வாய் இப்படிப் பொரிந்துகொண்டிருக்கும்போதே கை தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்துவிடும். மை பட்ட விரலால் தேய்த்துத் தேய்த்து அவள் மூக்கு நுனி எப்போதும் கறுப்பு. யாராவது சொன்னால் அதற்கும் கோபம்.

இன்று வந்து நிற்பவர் பேருந்து நடத்துநர். வயிற்றில் தையல் போட்ட பூனை, தண்ணீர் கேனை உள்ளே வாங்கும்போது நழுவிவிட்டது. இன்றும் மாத்திரை உள்ளே போகாவிட்டால் புண் சீழ் வைக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.

"அக்கா, அவசரமா நூறு காப்பி. ஊர் பூரா ஒட்டணும்."

"ஊர் இருக்கட்டும். உங்க மாடிப்படிக்குக் கீழ பாத்தீங்களா?"

"கூப்பிட்டுப் பாத்தேன், வரல."

வலியோடு இருக்கும் பூனை ஊர் சுற்றாது, கிட்டத்திலேயே எங்காவது ஒடுங்கிக் கிடக்கும் என்பது அவள் கட்சி. முணுமுணுத்தபடியே கடையைச் சாத்திவிட்டு அவரோடு கிளம்பினாள்.

படிக்கு அடியில் பழைய மெத்தை, உடைந்த சைக்கிள், பெயிண்ட் டப்பா என்று ஒரே அடைசல். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தலைகளை ஓரக்கண்ணால் அளந்துகொண்டு நடத்துநர் குனிந்தார். "செல்லம்... தங்கம்... வாம்மா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டுலயும் இப்படித்தான் கொழைவீங்களா?"

படியில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தக் கொஞ்சலை நானே இன்னிக்குத்தான்க்கா கேக்கறேன். அதுக்கு எங்க புரியும்?"

"பஸ்ல கத்தற தொண்டை எங்க போச்சு? தெனம் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க. மானத்தை அப்புறம் தேடிக்கலாம், மொதல்ல பூனையத் தேடுவோம்."

நடத்துநர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அடியே திருட்டுக் கழுத! தட்டு காயுது, வர்றியா, நானே தின்னுடட்டுமா?"

மாடியில் கொல்லென்று சிரித்தார்கள். சுருட்டி வைத்த மெத்தைக்குள் ஏதோ அசைந்தது. தூசி அப்பிய முகம் ஒன்று வெளியே வந்து, சண்டைக்கு வந்ததுபோல ஒரு குரல் கொடுத்தது.

அக்கா அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கினாள். தையல் பிரியவில்லை. மாத்திரையும் ஒருவழியாக உள்ளே போனது. நடத்துநருக்குத் தலைகால் புரியவில்லை. வாசற்கதவை விரியத் திறந்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என நின்றுகொண்டு, "கெடச்சிடுச்சுங்க! எல்லாரும் வந்து பாருங்க!" என்று மாடியைப் பார்த்துக் கூவினார்.

தட்டை நக்கிக்கொண்டிருந்த பூனை தலையைத் தூக்கியது. காது வாசல் பக்கம் திரும்பியது.

அக்கா எழுந்து வந்தாள். நடத்துநரின் முதுகில் கை வைத்து அவரை வெளியே தள்ளிவிட்டு, குதிகாலால் கதவைச் சாத்தினாள்.