அப்பாவின் பெயர்

அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டில் தங்கி மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த சித்திக்கு, உலகத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் ‘அண்ணா’தான். மளிகைக் கடைக்காரர் அண்ணா. பஸ் ஓட்டுகிற அமெரிக்கர்கூட அண்ணா. அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் அடிக்கடி வருவார். எனக்கு அங்கிள், அவளுக்கு அண்ணா. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மதுரைக்குக் கிளம்புவதாக இருந்தது. அங்கே அவர் வீட்டில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தச் சேதி வந்ததிலிருந்து சித்திக்குச் சிரிப்பே வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், சித்தியின் பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய ஹாலிவுட் படம் போட்டார்கள். எங்கள் எல்லோரையும் அங்கிள்தான் காரில் அழைத்துப் போனார்.

எனக்கு ஆறு வயது. கலர் இல்லாத படத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சுவர் முழுக்க ஒரு பெண்ணின் முகம். அவள் கண்ணில் ஒரு துளி திரண்டு நின்றபோது மூச்சுவிட மறந்துபோனேன். அவளும் கதாநாயகனும் படம் நெடுக எலியும் பூனையும்தான், அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. அவனை அவள் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எப்போதும் ‘மிஸ்டர்’தான். கடைசியில் அவன் கோபித்துக்கொண்டு ரயிலேறிவிட்டான். நகரும் ரயிலோடு கூடவே ஓடி, அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் குதித்தே விட்டான். அம்மாடி! வெறும் ஒரு பெயருக்கு இத்தனை சக்தியா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்க மனமில்லை.

வெளியே மழை. காரை எடுத்துவர அங்கிள் கிளம்பினார்.

“என்னங்க,” என்றாள் சித்தி. “குடை எடுத்துட்டுப் போங்க. நனையாதீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் அம்மா அப்பாவை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். அது அப்பாவின் பெயர் என்றே நான் நினைத்திருந்தேன்.

“சித்தி, தட்ஸ் அப்பா’ஸ் நேம்!” என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா வானத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். அங்கிள் குடையை வாங்கி, விரிக்காமலே மழையில் இறங்கி நடந்தார்.

மறுநாள் அவர் மதுரைக்குப் போகவில்லை. “டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டானாம்,” என்று அப்பா சொன்னார். நனைந்ததில் காய்ச்சல் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பாவம், அங்கிளுக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.